பழைய டர்போ காரை வாங்கவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ பார்த்து வைத்திருக்கும் காரைப் பற்றி விரிவாக எழுதியிருந்தாய். இருபது ஆண்டுகளைக் கடந்த, டர்போ பொருத்திய பெட்ரோல் கார், விலை குறைவு, ஓட்டிப் பார்த்தபோது இழுவை உன்னை மயக்கிவிட்டது, வாங்கலாமா, கூடாதா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் இந்த வகைக் காரில் நீ முதலில் ஆராய வேண்டியது அதன் இழுவையை அல்ல, அதன் ஆயிலை. இதே எண்ணத்தோடு இருக்கும் பிறருக்கும் உதவக்கூடும் என்பதால், உனக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கார் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். புதிதாக வந்த காலத்தில் இத்தகைய கார்கள் அதே வரிசையின் உயர்ந்த விலை வகைகளாக இருந்தவை. காலப்போக்கில் காரின் விலை இறங்குகிறது. அதன் உதிரிபாகங்களின் விலை அந்த அளவுக்கு இறங்குவதில்லை. மூன்றாவது, நான்காவது உரிமையாளரின் கைக்கு வரும்போது, காரை வாங்கும் வசதி இருந்தும் அதைப் பராமரிக்கும் வசதியோ மனமோ இல்லாதவரிடம் அது சேர்ந்துவிடுவது உண்டு. அவர் தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் சேர்த்துத்தான் நீ வாங்குகிறாய். ஆகவே, கார் வாங்க வைத்திருக்கும் பணம் முழுவதையும் அதன் விலைக்கே கொடுத்துவிடாதே. கணிசமான ஒரு பங்கை முதல் சில மாதங்களின் பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்கிவிட்டுப் பிறகு பேரம் பேசு.

டர்போவின் வேலை எளிமையானது. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டர்களுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம். சிறிய இன்ஜினிலிருந்து பெரிய இன்ஜினின் ஆற்றல் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்பிரட் பூஷி இந்தக் கருத்துக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த கார்களில் அது 1962இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரொலே கோர்வெயர் ஆகியவற்றின் வழியாகத்தான் நுழைந்தது. அன்றாடம் குடும்பத்தோடு பயணம் செய்யும் காரிலும் டர்போ நிலைத்து நிற்கும் என்று காட்டிய பெருமையில் பெரும்பங்கை 1970களின் இறுதியில் வந்த, சுவீடனின் சாப் நிறுவனத்துக் காரான சாப் 99 டர்போவுக்கே நான் தருவேன்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. பெட்ரோல் இன்ஜினில் டர்பைன் பக்கம் வரும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தொடலாம். இவ்வளவையும் தாங்கிப் பிடிப்பது, பழைய டர்போக்களில் பெரும்பாலும், தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே இருக்கும் மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. வேகமாக ஓட்டி வந்து உடனே இன்ஜினை நிறுத்தினால், ஆயில் ஓட்டம் நின்று, டர்போவுக்குள் தங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகப் படிகிறது. அந்தக் கரி ஆயில் வரும் குழாயை மெல்ல மெல்ல அடைக்கிறது. பின்னாளில் டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றிக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும்படி அமைத்தது இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்தது. ஆனால் காலம் கடந்து மாற்றப்பட்ட ஆயிலின் தீங்கை எந்த அமைப்பும் முழுமையாக ஈடுசெய்யாது.

எனவே விற்பவரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆயில் எப்போதெல்லாம் மாற்றப்பட்டது, எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பதே. ரசீதுகளைக் கேள். "ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன்" என்ற வாய்ச்சொல்லைவிட, கறை படிந்த நான்கு ரசீதுகள் மதிப்புள்ளவை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே விளக்கடித்துப் பார். உலோகம் தேன் நிறத்தில் இருந்தால் கவலையில்லை. கரிய, கெட்டியான களிம்பு ஒட்டியிருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்தக் காரை விட்டுவிடு.

காரைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். நீ வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடு. ஆறிய இன்ஜினை இயக்கும்போதுதான் பல நோய்கள் வெளிப்படுகின்றன. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சிறிது நேரம் நின்றபடி இயங்கவிட்டுப் பிறகு முடுக்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால், டர்போவை ஐயப்படலாம். ஆனால் அதைக் கழற்றிப் போடச் சொல்வதற்கு முன், டர்போவிலிருந்து ஆயில் கீழே வடியும் குழாய் அடைத்திருக்கிறதா, இன்ஜினின் உட்காற்று வெளியேறும் ப்ரீத்தர் அமைப்பு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். வடிய வழியில்லாத ஆயில் புகையோடு கலந்துவிடுவதால், நல்ல டர்போக்கள் எத்தனையோ பழி சுமந்து குப்பைக்குப் போகின்றன. இன்ஜின் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையுடன் வெண்புகை தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது. அது, சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டின் கோளாறாக இருக்கக்கூடும்.

கம்ப்ரஸர் பக்கத்துக் காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு, ஏனெனில் ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. சக்கரம் சுற்றியுள்ள கூட்டில் உரசினாலோ, தண்டு முன்னும் பின்னும் நகர்வது கையால் உணரும் அளவுக்கு இருந்தாலோ, டர்போ தேய்ந்துவிட்டது என்று கொள். இதோடு ஒரு நல்ல மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரஷன் சோதனையும், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனையும், செய்துவிடு. சிலிண்டர்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 10 சதவிகிதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக மேற்கொண்டு பேசலாம். சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அதையே பதிலாக எடுத்துக்கொள்.

வாங்கிய பின் நீ செய்யப்போகும் வேலைகளின் வரிசைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பலர் முதலில் அகலமான சைலன்சரையும் பளபளக்கும் காற்று வடிகட்டியையும் வாங்குகிறார்கள். நீ முதலில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று. சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை மாற்று. களிம்பு பற்றிய ஐயம் சிறிதளவு இருந்தாலும், ஆயில் தொட்டியை இறக்கி, பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்யச் சொல். வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் கொண்ட இன்ஜின் என்றால், அது மாற்றப்பட்டதற்கு எழுத்துச் சான்று இல்லாத பட்சத்தில், மாற்றப்படவில்லை என்றே கொள். பல இன்ஜின்களில் அந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும். பிறகு காரின் விலையை விடப் பழுதின் விலை கூடிவிடும். வாட்டர் பம்பையும் அதே வேலையில் சேர்த்து முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது ரப்பர். இத்தனை ஆண்டுகள் இன்ஜினின் சூட்டில் வெந்த வேக்குவம் குழாய்களும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களும் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருக்கும். காற்றின் அளவை உணரும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கும் கார்களில், அது அளந்த காற்று வழியில் கசிந்துவிட்டாலும், இல்லாத அந்தக் காற்றுக்கும் சேர்த்துக் கணினி பெட்ரோலை ஊற்றுகிறது. இழுவை குறைந்து, கரும்புகை வந்து, எரிபொருள் வீணாகிறது. உரிமையாளரோ டர்போ போய்விட்டது என்று நினைத்துக் காரை மலிவாக விற்றுவிடுகிறார். காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. முதலில் அதைச் செய். சில முழம் ரப்பர் குழாய் ஒரு காரை மீட்டெடுப்பதைக் காண்பதைப் போன்ற மகிழ்ச்சி இந்த வேலையில் வேறெதுவும் இல்லை என்பேன்.

டர்போவையே மாற்ற நேர்ந்தால், ஆயில் வரும் குழாயையும் சேர்த்துப் புதிதாகப் போடு. பழைய டர்போவைக் கொன்ற கரி அந்தக் குழாயிலேயே இருக்கிறது. அதை விட்டுவைத்தால் புதியதும் அதே வழியில் போகும். பொருத்தியவுடன், இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி செய்துவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி டர்போவுக்கு ஆயில் ஏறிய பிறகே இயக்க வேண்டும்.

பிரேக், டயர், சஸ்பென்ஷன் புஷ்கள் ஆகியவை எந்தப் பழைய காருக்கும் பொதுவானவை, நீயே அறிவாய். ஓடும் வேகத்துக்குத் தகுந்த பிரேக் இல்லாமல் சாலையில் இறங்காதே என்பதை மட்டும் அண்ணனாகச் சொல்லி வைக்கிறேன்.

டர்போவின் அழுத்தத்தைக் கூட்டும் ஆசை உனக்கு வரும். முதல் ஓராண்டுக்கு அதைத் தொடாதே. அழுத்தம் கூடும்போது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை நேரம் தவறித் தானாகவே வெடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அந்தத் தட்டல் பிஸ்டனையே உடைக்க வல்லது. 1980களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் அந்தத் தட்டலை ஒரு சென்சாரால் கேட்டறிந்து, அழுத்தத்தைத் தானாகவே குறைக்கும் அமைப்பைக் கொண்டு வந்தது இதற்காகத்தான். அடைத்த இன்ஜெக்டர், தேய்ந்த பிளக், தரம் குறைந்த பெட்ரோல் இவற்றில் ஒன்று இருந்தாலே அபாயம் பெருகும். பழைய காரில் மூன்றும் ஒருங்கே இருக்கலாம். கார் தன் பிறந்த நாள் ஆற்றலை முழுமையாகத் திரும்பப் பெறட்டும். அதுவே உனக்குப் போதுமானது என்று நீயே சொல்லவும் கூடும்.

ஆயில் மூடியைத் திறந்து நீ காண்பதைப் படம் எடுத்து அனுப்பு. கம்ப்ரஷன் அளவுகளைச் சிலிண்டர் வாரியாக எழுதி அனுப்பு. அவற்றைப் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேசலாம். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்