கீழ்ப் பிரிவுப் பிள்ளைக்காம்பராவைத் திறந்து தரக் கோரும் மனு (மூன்றாவது முறை)

பெறுநர்: மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்கள், நுவரெலியா மாவட்டம்
அனுப்புநர்: தேயிலைத் தோட்டக் கீழ்ப் பிரிவுப் பெற்றோர்

ஐயா,

எங்கள் பிரிவு தங்களுக்குத் தெரியாத இடமல்ல. போன வருடம் மண் சரிந்தபோது பாலத்தடி வரை வந்து பார்த்தீர்கள். அந்தப் பாலத்துக்கு இடப்பக்கம் பூட்டிக் கிடக்கும் தகரக் கூரைக் கட்டடம்தான் எங்கள் பிள்ளைக்காம்பரா, நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் காப்பகம். ஜனவரியில் நேரில் வந்து மனு கொடுத்தோம். மே மாத நடமாடும் சேவையிலும் கொடுத்தோம். பதில் வரவில்லை. தயவுசெய்து இதையாவது வாசியுங்கள்.

1. கூரை ஒழுகுகிறது, திருத்திவிட்டுத் திறப்போம் என்று சொல்லிப் பூட்டி 14 மாதம் ஆகிறது. எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் மட்டும் 23 பிள்ளைகள். கைக்குழந்தைகள் வேறு.

2. பிள்ளைகளை மேல் பிரிவுக் காம்பராவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். குறுக்குப் பாதையில் இரண்டரைக் கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். பிள்ளையை மேலே விட்டுவிட்டு இறங்கி, காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு நேரத்தோடு நிற்க வேண்டும். பிந்தினால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான். ஜூன் மாதம் ஒருநாள் நல்ல மழை. என் மகனுக்கு 4 வயது. உரப் பையை மடித்துத் தலையில் போட்டுக் கூட்டிப்போனேன். காம்பரா வாசலில் சப்பாத்தைக் கழற்றினால் வெள்ளை மேசு சிவந்திருக்கிறது. விரலிடுக்கில் இரண்டு அட்டை. அவன் அழவில்லை. "அம்மா, பேர் போயிரும், நீ போ" என்றான். நாலு வயதுப் பிள்ளை என் பேருக்குக் கணக்குப் பார்க்கிறான் ஐயா. அன்றைக்குக் கொழுந்து எடுக்கக் கையே ஓடவில்லை. அதற்குப் பிறகு அவனைக் கூட்டிப்போகவில்லை. என்னைப் போலவே பலர் நிறுத்திவிட்டார்கள். பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டி பார்க்கிறார். இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை. பக்கத்து லயத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தம்பியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் போவதில்லை.

3. டவுனில் நல்ல முன்பள்ளி இருக்கிறது. மாதக் கட்டணமும் ஆட்டோக் கூலியும் எங்கள் நாட்சம்பளத்தில் கட்டாது. அங்கே போன பிள்ளையும் எங்கள் பிள்ளையும் ஒரே முதலாம் வகுப்பில்தான் உட்காருகிறார்கள். பென்சிலைப் பிடிக்கும் விதத்திலேயே யார் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் என்று வகுப்பு ஆசிரியை சொன்னார். அப்புறம், மேல் பிரிவிலும் ஓர் ஆயம்மாதான். தங்கமான மனுஷி. ஆனால் தொட்டிலையும் ஆட்டி, பாலையும் காய்ச்சி, அவர் எப்போது கதை சொல்லுவார், எப்போது எழுத்துச் சொல்லித் தருவார்? அதனால் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற, தமிழ் பேசும் முன்பள்ளி ஆசிரியை ஒருவர் வேண்டும். எங்கள் லயத்திலேயே உயர்தரம் சித்தியடைந்த பெண்பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் இங்கேயே இருப்பார்கள். இல்லாவிட்டால் அவர்களும் கொழும்புக்குத் தையல் வேலைக்குத்தான் போவார்கள்.

4. இது யார் பொறுப்பு என்று மட்டும் தெரியவே மாட்டேன் என்கிறது. தோட்டத்தில் கேட்டால் அரசாங்கம் என்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் கேட்டால், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளி மேற்பார்வை மாகாணத்துக்கு உரியது என்கிறார்கள். மாகாணத்தில் கேட்டால், தோட்டத்துக்குள் இருப்பதைத் தோட்டம்தான் பார்க்க வேண்டுமாம். சரி, அப்படியானால் நாங்கள் யாரிடம்தான் போவது? 5 வயதிலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது சட்டம். அந்த ஐந்துக்கு முந்திய இரண்டு வருடத்துக்கு ஆளே இல்லையா? நாட்டுக்கு 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்தோம். எங்கள் மக்கள் மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் 'மலையகம் 200' மேடை போட்டு எங்கள் உழைப்பைப் புகழ்ந்தார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்களுக்கு வேண்டியது ஒரு கூரையும் ஓர் ஆசிரியையும் ஐயா!

5. காம்பரா திறக்கும் வரை, சிறு பிள்ளை உள்ள தாய்மார் அரை மணி நேரம் பிந்தி வந்தாலும் முழுப்பேர் போடும்படி தோட்ட நிர்வாகத்திடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதற்குக் காசு தேவையில்லையே.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பாலத்தடிக்கு வாருங்கள். ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு எங்களோடு மேல் பிரிவு வரை நடந்து பாருங்கள். காம்பராவைத் திறந்து தாருங்கள் ஐயா. வரும் ஜனவரியில் என் மகன் முதலாம் வகுப்புக்குப் போய்விடுவான். அவனுக்கு இனி நேரமில்லை. மற்றப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப் பிரிவுப் பெற்றோர் சார்பில் ஒரு தாய்

இணைப்பு: கையொப்பமும் கைநாட்டுமாக 31 பேரின் பட்டியல், ஜனவரி மனுவுக்குத் தங்கள் அலுவலகம் தந்த பற்றுச்சீட்டின் பிரதி.