அந்த மூன்று வாரங்களைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் பள்ளி மாவட்டத்தின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மைக் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, மூன்று நிமிட மணி அடித்துப் பாதி வாக்கியத்திலேயே உட்கார வைக்கப்பட்ட அம்மா நான்தான். மிச்சத்தை எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், அன்று எனக்குப் பின்வரிசையில் இருந்த நம்மூர்ப் பெற்றோர் சிலர் "ஹிஸ்டரிக்குப் போயா இவ்வளவு சண்டை?" என்று கேட்டதுதான்.

நீங்கள் எடுத்த முடிவை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. பதினோராம் வகுப்பு அமெரிக்க வரலாற்றில் 1890 முதல் 1940 வரையான பகுதிக்கு ஐந்து வாரம் இருந்தது, இப்போது இரண்டு. வெட்டிய மூன்று வாரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

என் மகள் கொண்டுவந்த திருப்புதல் தாளில் போனஸ் ஆர்மிக்கு, அதாவது ஹூவர் அதிபராக இருந்தபோது தங்களுக்குச் சேர வேண்டிய போனஸ் பணத்தைக் கேட்டு வாஷிங்டனுக்குப் போன முன்னாள் சிப்பாய்களுக்கு, ஒரே ஒரு வரி: "1932 தேர்தலில் ஹூவர் தோற்க ஒரு காரணம்." அவ்வளவுதான். பக்கத்தில் பென்சிலால் 'தேர்வுக்கு வராது' என்று அவளே எழுதியிருந்தாள், வகுப்பில் அப்படித்தான் சொன்னார்களாம். நான் கோபப்பட்டது அவள் மேல் இல்லை, ஆசிரியர் மேலும் இல்லை. பத்து நாளில் ஐம்பது வருடத்தை ஓட்டச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

ஜோ ஆஞ்செலோ நம் நியூ ஜெர்சிக்காரர், காம்டன் ஊர். முதல் உலகப்போரில் 1918 செப்டம்பரில் பிரான்சில், தொடையில் குண்டு பாய்ந்து கிடந்த தன் அதிகாரியை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டுக் காப்பாற்றியவர். அதற்காகப் பதக்கமும் வாங்கினார். அந்த அதிகாரியின் பெயர் ஜார்ஜ் பேட்டன், பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற தளபதி. பேட்டனைத் தெரியாத பிள்ளை உங்கள் பள்ளியில் இருக்காது, இரண்டாம் உலகப்போருக்குத்தான் நீங்கள் வாரக்கணக்கில் நேரம் கொடுத்திருக்கிறீர்களே.

போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு 1924இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு ஈட்டுத்தொகை ஒதுக்கியது. உள்நாட்டில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டாலர், கடல் கடந்து இருந்த நாளுக்கு ஒன்றேகால் டாலர். ஆனால் சின்னத் தொகைக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கையில் கிடைத்தது ஒரு சான்றிதழ்தான், முழுப்பணம் 1945இல்தான். அதற்குள் செத்துப்போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும், அதனால் 'கல்லறை போனஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இடையில் 1929 சரிவு வந்தது, வங்கிகள் மூடின, வேலை போயிற்று. பெட்டிக்குள் சான்றிதழ் இருக்கிறது, அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை. ஆஞ்செலோ 1931இல் காம்டனிலிருந்து வாஷிங்டன் வரை நடந்தே போய், காங்கிரஸ் குழு முன்னால் நின்று, எனக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் ஆரிகன் மாநிலத்திலிருந்து வால்டர் வாட்டர்ஸ் என்ற முன்னாள் சார்ஜெண்ட் தலைமையில் ஒரு கூட்டம் சரக்கு ரயிலில் ஏறி வந்தது, நாடு முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அனகோஸ்டியா ஆற்றங்கரையில் தகரம், பழைய பலகை, பெட்டி என்று குப்பைமேட்டில் கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டார்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு. ராணுவத்திலேயே கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைத்திருந்த காலத்தில் அந்த முகாமில் சேர்ந்து இருந்தார்கள். பணத்தை உடனே கொடுக்கும் மசோதா கீழவையில் தேறியது, ஜூன் 17 அன்று செனட் 62க்கு 18 என்று தள்ளிவிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் ஒரு தேசபக்திப் பாட்டைப் பாடிவிட்டுக் கலைந்தார்கள். கல் எறியவில்லை.

ஜூலை 28, அரசுக் கட்டடங்களிலிருந்து காலி செய்ய வைக்கும்போது போலீஸ் சுட்டதில் வில்லியம் ஹஷ்கா, எரிக் கார்ல்சன் என்ற இரண்டு முன்னாள் சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். அன்று மாலை ராணுவத் தலைமைத் தளபதி மெக்கார்தர் தலைமையில் குதிரைப்படை, டாங்கி, துப்பாக்கியில் கத்தி செருகிய காலாட்படை, கண்ணீர்ப்புகை என எல்லாம் இறங்கின. முகாமுக்குப் போகும் பாலத்தைத் தாண்டாதே என்று ஹூவர் சொல்லியனுப்பியும் மெக்கார்தர் கேட்கவில்லை. இரவில் குடிசைகள் எரிந்தன. அந்தக் குதிரைப்படையோடு வந்த மேஜர்களில் ஒருவர், ஆமாம், பேட்டன். மறுநாள் காலை ஆஞ்செலோ அவரைப் பார்க்கப் போனார். தெரியாத ஆள் என்று சொல்லிப் பேட்டன் விரட்டிவிட்டார்.

இதைச் சொல்லி முடித்தபோது என் மகள் கேட்டது ஒன்றுதான்: "இது ஏன் எங்க பாடத்துல இல்ல?" நான் என்ன சொல்ல, உங்களைத்தான் கேட்க வேண்டும்.

இதைத் தனியாக ஒரு துணுக்காகச் சேர்த்துவிட்டால் போதாது. போர் ஒரு அட்டை, பொருளாதாரச் சரிவு ஒரு அட்டை, சீர்திருத்தம் ஒரு அட்டை என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், ஆனால் நடந்தது ஒன்றிலிருந்து ஒன்று. 1936இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் வீட்டோவையும் மீறி காங்கிரஸ் அந்தப் பணத்தைக் கொடுத்தது. போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்குப் படிப்பு, வீட்டுக்கடன் உதவி தந்த ஜி.ஐ. சட்டம் 1944இல் வந்ததற்கும் 1932இன் அவமானம் ஒரு காரணம். 1911இல் நியூயார்க் டிரையாங்கிள் தையல் ஆலையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் சிக்கி 146 பேர் செத்ததைத் தெருவில் நின்று பார்த்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ்தான் 1933இல் தொழிலாளர் துறைச் செயலாளர் ஆனார். எரிந்த ஆலையிலிருந்து, அவர் முன்னின்று உருவாக்கிய 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் வரை ஒரு நூல் ஓடுகிறது. இரண்டு வாரத்தில் அந்த நூலைப் பிடிக்க முடியாது. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், மூன்று வாரம்.

நேரமில்லை என்று அன்று ஒரு உறுப்பினர் சொன்னார். சரி. மாதிரித் தேர்வுக்கும், அந்த மாதிரித் தேர்வுக்கு ஒரு மாதிரித் தேர்வுக்கும் நேரம் இருக்கிறது. மைதானத்து மின்னணு ஸ்கோர்போர்டைப் பற்றி அதே கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினீர்கள், கடிகாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு மூன்று நிமிடம். நானும் ஊரில் 'பாஸ்டன் தேநீர் விருந்து' என்று மனப்பாடம் செய்து, அது வரியை எதிர்த்த போராட்டம் என்று தெரியாமல் ஏதோ டீ பார்ட்டி என்று நினைத்துக்கொண்டே பாஸானவள்தான், அதே படிப்பைத் தருவதற்குப் பள்ளிக்கென்று இவ்வளவு வீட்டு வரி எதற்கு?

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன்.

"நமக்கென்ன, நம்ம ஆட்கள் அப்போ இங்கே இல்லையே" என்றும் பின்வரிசையில் சொன்னார்கள். இருந்தார்கள். பஞ்சாபிலிருந்து வந்த பகத் சிங் திண்ட் 1918இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். நீங்கள் வெள்ளையர் இல்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் குடியுரிமையை இழந்தார். முன்னாள் சிப்பாய்களுக்காக 1935இல் வந்த ஒரு சட்டத்தால்தான் அடுத்த வருடம் அது திரும்பக் கிடைத்தது. போனஸ் பணம் கொடுத்த அதே 1936.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, வெட்டிய மூன்று வாரத்தை வரும் கல்வியாண்டிலாவது திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முழுதாக முடியாது என்றால் எதை விட்டு எதை வைத்தீர்கள் என்ற காரணத்தையாவது எழுத்தில் தாருங்கள். நான் வருவேன். இந்த முறை மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன், மகள்தான் மணி அடிக்கிறாள்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா