தீப்புண்ணில் பற்பசை தடவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்த என் அக்காளின் முன்கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது. பதறிப்போய்க் கைக்கு அகப்பட்ட பற்பசையை அப்பியவன் நான்தான். மறுநாள் அது காய்ந்து ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டி எடுத்தபோது அக்காள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

நெருப்பு விலகியதும் தீப்புண் ஓய்ந்துவிடுவதில்லை. வெந்து மடிந்த நடுப்பகுதியைச் சுற்றி, இரத்த ஓட்டம் தேங்கி உயிருக்கு ஊசலாடும் ஒரு வளையம் இருப்பதை ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1953-இல் விளக்கினார். அந்த வளையம் பிழைக்குமா என்பது அடுத்த ஓரிரு நாள்களில் புண்ணுக்குள் நிகழும் வேதிமாற்றங்களைப் பொறுத்தது. கிருமிகளை அழிக்க வரும் வெள்ளணுக்கள் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளையும் வெளிவிடுகின்றன. அவை அளவு மீறினால், புதுத்தோல் படர்வதற்குச் சாரக்கட்டுபோல் நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தையே அரித்துவிடுகின்றன. நல்ல தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பிஎச் அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 5. தோல் வெந்து திறந்துகொண்டாலோ, உள்ளிருந்து கசியும் 7.4 அளவுள்ள நீர் அந்த அமிலக் காப்பைக் குலைத்து, புண்ணை நொதிகளுக்கும் பல கிருமிகளுக்கும் தோதான இடமாக்கிவிடுகிறது. புண் ஆற ஆறத்தான் அமிலத்தன்மை திரும்புகிறது. இத்தகைய இடத்தில் சுண்ணப்பொடியும் நுரைக்கும் சரக்கும் கலந்த, பெரும்பாலும் காரத்தன்மையுள்ள பற்பசையைப் பூசினால் என்ன நன்மை விளையும்? அது சூட்டையும் உள்ளேயே அடைத்து வைக்கிறது. புண்ணில் சிலர் பூசும் மஞ்சளை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அடுப்படி மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதன்று.

ஓடும் குளிர்ந்த நீரில், பனிக்கட்டி இல்லாமல், 20 நிமிடம் காட்டுவதே முதல் மருந்து. சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. பிறகு தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

யாங்கோனிலும் சுற்றுவட்டாரத்திலும் தீமிதி நடத்தும் நம் கோயில் அறங்காவலர்கள், குழிக்கு அருகிலேயே குழாய்நீருக்கு ஏற்பாடு செய்து, கொப்புளம் கண்ட பாதங்களில் எதையும் பூசவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
யாங்கோன், பர்மா