அணுக்கழிவு பற்றிய முடிவுகளில் மக்களையும் கேட்க வேண்டி மனு

அனுப்புநர்
சோழிங்கநல்லூர் பகுதிக் குடியிருப்போர்,
சென்னை – 600 119.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கல்பாக்கம், கூடங்குளம் அணுக்கழிவு – தமிழில் முழு அறிக்கை, முறையான கருத்துக் கேட்பு, சட்டமன்றத் தீர்மானம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. தெற்கே கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் நிலையம் வணிகரீதியாக இயங்குகிறது. பயன்படுத்திய எரிபொருளிலிருந்து மீண்டும் பயன்படுவதைப் பிரித்தெடுக்கும் மறுசெயலாக்க ஆலையும் அங்கேயே உள்ளது. 2024 மார்ச்சில், எரிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் அதிவேக ஈனுலையின் மையப்பகுதியை நிரப்பும் பணியும் தொடங்கியது. உலைகள் வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் கழிவு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதை எங்கே, எப்படி வைப்பது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை என்பதில் கருத்து வேறுபாடே இல்லை.

மறுசெயலாக்கத்தில் மிஞ்சும் வீரியமான கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, கலன்களில் அடைத்து, பல பத்தாண்டுகள் குளிர வைக்கிறார்கள். அதிலுள்ள சீசியம்–137 பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும். எரிபொருளில் உருவாகும் புளூட்டோனியம்–239க்கோ சுமார் 24,000 ஆண்டு. கழிவின் அளவு குறைவு, அதை நிலத்தடியில் ஆழத்தில் நிரந்தரமாக வைக்கும் ஆழ்நிலக் கிடங்குக்கு இப்போது அவசரமில்லை என்பது மத்திய அரசின் நிலை. ஆனால் கூடங்குளம் வழக்கில் 2013 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தகைய கிடங்கை விரைவில் அமைக்கச் சொன்னது.

மக்களைக் கேட்காமல் இடம் தேடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2012இல் கோலார் தங்கவயலின் பெயர் அடிபட்டதுமே கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, அந்தப் பேச்சு நின்றுபோனது. கூடங்குளத்தில் பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் திட்டத்துக்கு, 2019 ஜூலை 10 அன்று இராதாபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைப்பதற்குப் பெயர் கலந்தாலோசனை அல்ல.

பின்லாந்தில் யூராயோக்கி என்ற சிறிய ஊரின் உள்ளாட்சி மன்றத்துக்கு, கிடங்கு வேண்டாம் என்று மறுக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருந்தது. அந்த அதிகாரம் கையில் இருந்தும் 2000இல் அது சம்மதித்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் 159–3 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. அங்கே ஏற்கெனவே அணுமின் நிலையமும் அதனால் வரி வருமானமும் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் மறுக்கலாம் என்ற உரிமை இருந்ததால்தான் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு. ஸ்வீடனிலும் ஓஸ்தம்மார் நகராட்சி 2020இல் கிடங்கை ஆதரித்து வாக்களித்த பிறகே, 2022இல் அரசு அனுமதி வழங்கியது.

அணுசக்தி மத்தியப் பட்டியலில் உள்ளது, மாநிலம் செய்ய ஒன்றுமில்லை என்ற பதில் வரலாம். சரி, ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தானே? 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி உள்ளூர் மொழியில் கட்டாயம் தர வேண்டியது மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. அவகாசமோ குறைந்தது 30 நாள். கதிர்வீச்சு அளவு, விபத்துக் கணக்கு எல்லாம் ஆங்கில அறிக்கைக்குள் இருந்தால் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்து மீனவர் எதை வைத்துக் கேள்வி கேட்பார்?

எனவே, அணுக்கழிவு தொடர்பான எந்தத் திட்டத்துக்கும் முழு அறிக்கையைத் தமிழில் வெளியிட்டு, 90 நாள் அவகாசம் தந்து, திட்டம் அமையும் ஊரிலும் சென்னையிலும் கூட்டம் நடத்த வாரியத்துக்கு உத்தரவிட வேண்டுகிறோம். அங்கே எழும் ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் வர வேண்டும். அப்புறம், ஆட்சி மாறினாலும் இந்த நடைமுறை மாறாதபடி அனைத்துக் கட்சிகளின் ஒப்புதலோடு சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றவும், ஆழ்நிலக் கிடங்குக்கான காலவரையறையை மத்திய அரசிடம் எழுதிக் கேட்கவும் தங்கள் துறை முன்மொழிய வேண்டும்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சோழிங்கநல்லூர் பகுதிக் குடியிருப்போர்

இடம்: சென்னை