மீன்குஞ்சு விடுமுன் ஓடையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீன் வளர்த்து எமது இளைஞர்களுக்குத் தொழில் தேடிக்கொடுக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதும், நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சு விடும் படங்கள் பத்திரிகைகளில் வருவதும் வாசகர்கள் அறிந்ததே. அந்த எண்ணத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. தோட்டப் பாடசாலையொன்றில் நீண்ட காலம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு, கொழுந்துச் சம்பளத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நிமிர்வது எவ்வளவு கடினம் என்பது தெரியும். ஆயினும், எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டோம் என்று கணக்குச் சொல்வதற்கு முன்னர், அவை வாழப்போகும் நீர் எப்படியிருக்கிறது என்பதை வருடம் முழுவதும் அளந்து பார்க்க வேண்டும் என்பதும், அளந்ததைத் தமிழிலும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதுமே எனது வேண்டுகோள்.

ட்ரவுட்டுக்குக் குளிர்நீர் வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்தக் குளிர் எதற்காக என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நீர் குளிரக் குளிர அதில் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசனின் அளவு கூடும். கடல் மட்டத்தில் 10 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 20 பாகையில் அது 9.1 ஆகக் குறைந்துவிடும். நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் குறைவாதலால், அதே வெப்பநிலையில் நீர் தாங்கும் ஒட்சிசனும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே தாழ்நிலத்துக்கென எழுதிய மீன்வளர்ப்புக் கைநூலின் அட்டவணையை அப்படியே எடுத்து எமது மலைக்குப் பொருத்தினால் கணக்குப் பிழைத்துவிடும். நீர் சூடாகும்போது மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் கூடுகிறது, கிடைக்கும் ஒட்சிசன் குறைகிறது. மாசி, பங்குனி வெயிலில் ஓடை மெலிந்து ஓடும் நாட்களில் இந்த இரண்டு நெருக்கடியும் ஒன்றாக வந்து சேர்கின்றன. மழைக்காலத்தில் ஒரு நாள் வந்து ஒரு போத்தலில் நீர் அள்ளிப்போய்ச் சோதிப்பவருக்கு இது ஒருபோதும் தென்படாது.

வண்டலின் கதை இதைவிடப் பெரியது. பெண் ட்ரவுட் ஓடையின் அடியில் உள்ள பரற்கற்களை வாலால் விலக்கி, அந்தக் குழியில் முட்டையிட்டு மூடிவிடும். நீர் 10 பாகையில் இருந்தால் அம்முட்டை பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் முழுவதும் கற்களின் இடுக்கினூடாக நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டைக்கு மூச்சு உண்டு. செங்குத்தான சரிவில் மேலிருந்து கீழாக நீள்பாத்தி போட்டு உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிட்ட நிலத்திலிருந்து ஒரே மழையில் கரைந்து வரும் மண் அந்த இடுக்குகளை அடைத்துவிடுகிறது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் இருக்கிறது. அது சரிவான மரக்கறித் தோட்டங்களை இன்னும் சரிவர எட்டவில்லை என்பதை மழை விட்ட மறுநாள் ஓடையின் நிறமே காட்டுகிறது. மரக்கறிச் செய்கையாளரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. தேயிலை மலைக்கு அடிக்கும் களைநாசினியும், தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தின் கானில் ஓடிவரும் கழிவுநீரும் சேருவது அதே ஓடையில்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு காலையில், எங்கள் லயத்துக்குக் கீழே பீலிக்கரையில் விளையாடிய பிள்ளைகள் ஒரு வாளி நிறையச் செத்த மீனைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார்கள். விரல் நீளக் கெண்டைகளும், கல்லில் ஒட்டிப் பாசி தின்னும் சின்ன மீன்களுமாக இருந்தன; செவுள்கள் விரிந்து, கண்கள் வெளுத்துப் போயிருந்தன. முதல் நாள் மாலை மேலே யாரோ மருந்துத் தாங்கியை ஓடையில் கழுவியதைப் பார்த்ததாக ஒரு சிறுவன் சொன்னான். உரிய அலுவலகம் ஒன்றுக்கு அன்றே அறிவித்தோம். நான்காம் நாள் ஒருவர் வந்தார், நீர் தெளிவாக இருக்கிறது என்றார், போய்விட்டார். நீர் தெளிவாகத்தான் இருந்தது. நஞ்சு கலந்த நீர் மூன்று நாட்களுக்கு முன்னரே கொத்மலைப் பக்கம் போய்விட்டது.

அதன் பின்னர்தான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடைக் கற்களைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினேன். காட்டிலிருந்து ஓடை வெளியேறும் இடத்தில் ஒரு கல்லைத் தூக்கினால், அதன் அடியில் மூன்று வால்நூல் கொண்ட தட்டையான பூச்சிகள் நாலாபக்கமும் ஓடும். மணலையும் சருகையும் ஒட்டித் தனக்கென்று ஒரு கூடு கட்டி அதற்குள் இருந்து தலை நீட்டும் புழுக்களும் இருக்கும். தோட்டங்களைத் தாண்டிக் கீழே வந்து அதே அளவு கல்லைப் புரட்டினால் வழுவழுத்த சேறும், ஒட்சிசன் குறைந்த இடத்திலும் தாக்குப்பிடிக்கும் சிவப்பு நிறப் புழுக்களுமே மிஞ்சும். நீர் ஓடிவிடும், இந்தப் பூச்சிகளோ மாதக்கணக்கில் அதே இடத்தில் வாழ்பவை. மூன்று நாட்களுக்கு முன்னர் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்பவை அவைதாம். ட்ரவுட்டின் இரையும் பெரும்பாலும் அவையே என்பதால், அவை இல்லாத ஓடையில் குஞ்சு விடுவது அடுப்பில்லாத வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பது போன்றதாகும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ட்ரவுட் எமது மண்ணின் மீன் அன்று. 1880களில் ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தது அது. பழுப்பு ட்ரவுட் நிலைக்காமல் போனது. வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் தானாகவே பெருகி நிலைத்துவிட்டது. அந்த ஓடைகளில் சுதேச மீன் எதுவும் இருக்கவில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறிய நன்னீர் இறால் இனம் அங்கேதான் வாழ்கிறது. ட்ரவுட்டோ இறாலை விரும்பி உண்ணும் மீன். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஓர் அங்கம் அச்சமவெளி. ஆகவே இதுவரை ட்ரவுட் போய்ச் சேராத மேல் ஓடைகளில் புதிதாக அதை விடுவதை நான் எதிர்க்கிறேன். வளர்ப்பதானால், தப்பிப் போக வழியில்லாத தொட்டிகளில், எஞ்சிய தீனியும் கழிவும் படியும் குளமொன்றைக் கட்டிய பின்னரே வளர்க்கட்டும்.

இந்தியாவில் உத்தரகாண்ட் மாநிலத்தின் பீம்தாலில் குளிர்நீர் மீன்களுக்கென்றே 1987இல் தொடங்கப்பட்ட ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே ட்ரவுட்டோடு நின்றுவிடாமல், இமயமலை ஆறுகளின் சொந்த மீனாகிய பொன் மகாசீரைச் செயற்கையாக இனப்பெருக்கி ஆறுகளில் விடவும் உழைத்திருக்கிறார்கள். அம்மீனின் உறவினம் எமது ஆறுகளிலும் உண்டு. முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் இயல்புடைய மீன்களுக்கு அணைகள் என்ன செய்திருக்கின்றன என்பது எமது மாவட்டத்துக்கு மிக நெருக்கமான கேள்வி. 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து தலவாக்கலைக்குக் கீழே ஆறு மெலிந்து கிடப்பதைப் பாலத்தில் நின்று பார்ப்பவர் எவரும் அறிவர்.

நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமாகிய நாராவும், நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும், மத்திய சுற்றாடல் அதிகார சபையும், பேராதனைப் பல்கலைக்கழகமும் ஒன்றுசேர்ந்தால் ஓடைகளை அளந்து பதிவது பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. இயற்கை நீர்நிலைகளின் தரத்துக்கான ஒழுங்குவிதிகள் 2019இலேயே வந்துவிட்டன. நானு ஓயாவிலும் ஆக்ரா ஓயாவிலும் கொத்மலை ஓயாவிலும் நிலையான சில இடங்களைக் குறித்து, வெப்பநிலை, ஒட்சிசன், கலங்கல், அடிக்கல் பூச்சிகள் ஆகிய நான்கையும் மாதந்தோறும் பதிந்து, அந்தப் பதிவைப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டினால் போதும். ஓடையின் இருகரையிலும் சில மீற்றர் அகலத்துக்கு மண்ணைக் கொத்தாமல் புல்லும் மரமும் விட்டுவைக்கும் செய்கையாளருக்கு ஏதேனும் உதவி கொடுக்கவும் முன்வர வேண்டும். அரைக்கால் ஏக்கரில் பிழைப்பவரிடம் கரையைச் சும்மா விடு என்று வெறும் வாயால் சொல்வது நியாயமாகாது.

எமது மாணவர்கள் எழுதிய பதிவேடுகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. எந்தத் திகதியில் எந்தக் கல்லின் கீழ் என்ன கண்டார்கள் என்று பென்சிலால் எழுதியவை. ஆய்வுக்கென யாரேனும் வருவார்களாயின் அவற்றைக் கொடுப்பதற்கும், அந்த இடங்களுக்கு வழிகாட்டிக் கூட்டிச் செல்வதற்கும் பிள்ளைகளும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
தலவாக்கலை.