பழவேற்காட்டுக்கு வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஜனவரியில் ஆபீஸ் சிநேகிதர்களோடு பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க வரப்போவதாகப் போனில் சொன்னாய். ரொம்பச் சந்தோஷம். போனில் சொல்ல நேரமில்லாததை எழுதுகிறேன். உன்னோடு வருகிறவர்களுக்கும் படித்துக் காட்டு.

பெங்களூரிலிருந்து வேன் பேச வேண்டாம். ரயிலில் சென்ட்ரல் வந்து, கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ் உண்டு. எண்ணூர் பக்கம் வரும்போது அவர்களை ஜன்னலோரம் உட்காரச் சொல். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்க்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவியதையும், கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றதையும் நீயே எடுத்துச் சொல். அந்தக் கழிமுகத்தையும் பழவேற்காட்டு ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. பறவை பார்க்க வருகிறவர்கள் அந்தத் தண்ணீர் பட்ட பாட்டையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

பழவேற்காடு போனதும் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, அது மீனவர்களின் பிழைப்பு நடக்கிற ஏரி. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊரே சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும். அதைப் ‘பாடு’ என்பார்கள். இன்றைக்குத் தன் முறை என்று காத்திருந்து ஒருவர் கட்டிய வலைமேல் சுற்றிப்பார்க்கிற படகு ஏறினால் அவருக்கு அன்றைய வருமானம் போச்சு. தண்ணீரில் அமர்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்களையும் பார்ப்பீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இதை நான் என் அனுபவத்தில் சொல்கிறேன். காசிமேட்டில் ஞாயிறு விடிகாலை மீன் ஏலத்தில் நான் கூடைக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டுகிறார்கள். ஈரப் புடவையும் கலைந்த தலையுமாக நிற்கிற படம் எங்கே போய்ச் சேருமோ என்று மனசு கூசும். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தவர்களிடம் நான் முகம் சுளித்ததே இல்லை.

அப்புறம் பறவைகள். பூநாரை தலையைக் கவிழ்த்து, ஆழமில்லாத தண்ணீரை அலகால் சலித்துத்தான் இரை தேடும். இரை பொடிப்பொடியாக இருக்கும், மணிக்கணக்காகச் சலித்தால்தான் வயிறு நிறையும். கூட்டமாகப் பறக்கிற படம் வேண்டும் என்று படகை அதன்மேல் விடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எழும்பிய கூட்டம் மறுபடி இறங்கி மேய நேரமாகும். தின்ற தெம்பும் பறந்தே கரையும். இதில் படகுக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. காசு கொடுப்பவர் கேட்கும்போது அவரால் எப்படி மறுக்க முடியும்? அதனால் ஏறுவதற்கு முன்பே நீ சொல்லிவிடு: “கிட்டே போக வேண்டாம், தூரத்திலேயே மோட்டாரை நிறுத்திவிடுங்கள், பேசின காசு அப்படியே தருகிறோம்.” பைனாகுலர் கொண்டுவந்தால் கரையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது.

படகில் போவதானால் அனுமதி உள்ளதா என்று கேட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டால்தான் ஏற வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து குழந்தைகள் உட்பட 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இதில் மட்டும் யார் கேலி செய்தாலும் விட்டுக்கொடுக்காதே.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாம் என்று சொன்னாயே, அது வேண்டாம் கண்ணு. தண்ணீர் பாட்டிலை மட்டும் வீட்டில் நிரப்பிக்கொள். வந்து பார்த்துவிட்டுக் குப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போகிற கூட்டத்தால் அந்த ஊருக்கு என்ன லாபம்? அங்கேயே சாப்பிடுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், ஏரியில் கிடைக்கிற மடவை மீனைக் கேளுங்கள், குழம்புக்கு அருமையாக இருக்கும். சினை நண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் வேண்டாம் என்றால்தான் பிடிக்கிறவர் தண்ணீரில் விடுவார். மீன் விற்கிறவள் சொல்கிறேன், நம்பு. ஊர்ப் பெண்கள் முடைகிற பனையோலைக் கூடைகள் கிடைத்தால் ஆளுக்கொன்று வாங்குங்கள், விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம். டச்சுக்காரர்களின் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன, நிதானமாகப் பாருங்கள். கல்லின்மேல் ஏறி உட்காரக் கூடாது.

காணும் பொங்கலன்று மட்டும் வராதே. அன்று கடற்கரை, ஏரிக்கரை எல்லாம் ஜனம் நெரியும், பறவைக்கும் நிம்மதி இருக்காது, உங்களுக்கும் இருக்காது. வார நாளில் இரண்டு நாள் லீவு போட முடியுமா என்று பார்.

எத்தனை பேர் வருகிறீர்கள், என்றைக்கு என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல். பழவேற்காட்டில் எனக்கு மீன் அனுப்புகிற அக்காவிடம் சொல்லிவைக்கிறேன். வீட்டிலேயே சமைத்துப் போடுவார், கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா