யாரும் எடுக்காத பந்தை எதற்குப் பறிக்கிறீர்கள்?

என்.எஃப்.எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) விதிகளைப் பரிசீலிக்கும் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். தலைப்பைப் பார்த்ததுமே 'மறுபடியும் இதுவா' என்று அலுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆமாம், அதேதான். ஃபம்பிள் ஆன பந்து, அதாவது ஓடுபவர் கையிலிருந்து நழுவிய பந்து, எதிரணியின் எண்ட் ஸோன் (கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதி) வழியாக வெளியே போனால் அதைத் தடுப்பு அணிக்கு 20 யார்டு கோட்டில் வைத்துக் கொடுக்கிறீர்களே, அந்த விதி. நேற்று இரவு பழைய ஆட்டம் ஒன்றைத் திரும்பப் பார்க்கப்போய்த் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

2021 ஜனவரி 17, கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுடன் அவர்கள் ஊரில் ஆட்டம். 2017-இல் 16 ஆட்டத்தையும் தோற்ற என் அணி கிளீவ்லாந்து பிரவுன்ஸ், 1994 சீசனுக்குப் பிறகு முதல் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட்) வெற்றியை முந்தைய வாரம்தான் பெற்றிருந்தது. அத்தனை வருடம் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். 16-3 என்று பின்தங்கியிருந்தபோது, முதல் பாதி முடியச் சற்று முன், எங்கள் ரஷார்ட் ஹிக்கின்ஸ் பந்தைப் பிடித்து ஓடி, கோட்டைத் தொடக் கையை நீட்டிப் பாய்கிறார். சீஃப்ஸின் டேனியல் சோரன்சன் ஹெல்மெட்டோடு வந்து மோதுகிறார் (தவறு என்று நடுவர் கொடி வீசவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்). பந்து நழுவி எண்ட் ஸோன் ஓரமாக வெளியே போகிறது. சீஃப்ஸ் ஆட்டக்காரர் ஒருவர்கூட அதைக் கைப்பற்றவில்லை. ஆனாலும் பந்து அவர்களுக்கு. போய் ஃபீல்டு கோல் அடித்து 19-3 ஆக்கினார்கள். கடைசியில் 22-17. வித்தியாசம் ஐந்தே புள்ளி.

அந்தப் பந்து கோல் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் வெளியே போயிருந்தால், நழுவிய இடத்திலேயே பிரவுன்ஸுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். ஒரு அடி!

டர்னோவர்தான், அதாவது பந்து எதிரணி கைக்குப் போவதுதான், இந்த விளையாட்டில் பாதி ஆட்டங்களின் தலையெழுத்து, அதில் எனக்கு வருத்தமில்லை. அதே நாளில் சீஃப்ஸின் சாட் ஹென்னி எண்ட் ஸோனுக்குள் வீசியதை எங்கள் கார்ல் ஜோசப் பிடித்தாரே, அது அவர் சம்பாதித்த டர்னோவர். ஆனால் யாருமே எடுக்காத பந்து? 2017 டிசம்பரில் ரெய்டர்ஸின் டெரிக் கார் அரை நிமிட நேரம் மிச்சமிருக்கும்போது இப்படித்தான் பந்தை இழந்தார். கௌபாய்ஸிடம் ரெய்டர்ஸ் 20-17 என்று தோற்றது.

'எண்ட் ஸோன் தடுப்பு அணியின் வீடு' என்பார்கள். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு மாமி இருந்தார், காம்பவுண்டுக்குள் விழுந்த பந்தைத் திருப்பித் தரவே மாட்டார். அவர் சட்டமும் இதுதான். தளர்த்தினால் வேண்டுமென்றே முன்னால் உருட்டிவிடுவார்களா? நழுவிய இடத்துக்கே பந்து திரும்பினால் உருட்டி என்ன லாபம்? 1978-இல் ரெய்டர்ஸ் அப்படி உருட்டி சார்ஜர்ஸை வென்றதும், அடுத்த சீசனுக்குள் அதைத் தடுக்க விதியை மாற்றினீர்களே. அப்போது இருந்த வேகம் இப்போது எங்கே? கிக்ஆஃப்பை (ஆட்டத்தைத் தொடங்கும் உதையை) 2024-இல் அடையாளம் தெரியாமல் மாற்றினீர்கள், மறுவருடமே அதில் டச்பேக் ஆனால், அதாவது உதைத்த பந்து எண்ட் ஸோனிலேயே நின்றுவிட்டால், பந்தை வைக்கும் இடத்தை 35 யார்டுக்கு நகர்த்தினீர்கள். விளம்பரத்துக்கு நடுவே கொஞ்சம் ஆட்டமும் காட்டுகிறீர்கள், அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். பந்தை யாரும் எடுக்கவில்லை என்றால் நழுவிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. தண்டனை இல்லாமல் மனசு ஆறாதென்றால் 20 யார்டு கோடு வரை பின்னுக்குத் தள்ளுங்கள், பந்தை மட்டும் பறிக்காதீர்கள். 32 உரிமையாளர்களில் 24 பேர் கை தூக்க வேண்டும் என்பது தெரியும். மார்ச்சில் கூடும்போது, தயவுசெய்து, வாக்கெடுப்புக்காவது விடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் பிரவுன்ஸை விடாத ரசிகன் ஒருவன்